காலிக் குண்டான்

என் சமையலறையில் ஒரே ஒரு சட்டம்தான். சாப்பாடு கொண்டுபோனவர் திரும்பி வந்ததும் குண்டானைச் சாய்த்து என்னிடம் அடியைக் காட்ட வேண்டும். காலியாக இருந்தால் அன்றைய வேலை முடிந்தது. மிச்சம் இருந்தால், ஏன் என்று தெரிகிற வரைக்கும் யாரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து. ஓசூர் கம்பெனிகளுக்குச் சாப்பாடு போட்டே வளர்ந்த மெஸ் இது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு நின்று குறை சொல்ல நேரமிருக்காது. குண்டானைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பள்ளிக்குக் காலைச் சாப்பாடு போட ஓர் அறக்கட்டளை எங்களைக் கூப்பிட்டது. முதலில் ஒரு மாதம் வெள்ளோட்டம். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க எங்களுக்கே. 'சுகுணா மெஸ்' என்ற பெயர் கம்பெனி கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். பள்ளியில் வைத்து 'உணவுப் பாத்திரத்தின் படம்' அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பரிமாறப் போகும் லூர்தம்மாள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் தவறாமல் அனுப்பினார்.

இரண்டாவது வாரம் அறக்கட்டளை மேலாளர் ராஜசேகர் வந்து நின்றார். லேப்டாப்பைத் திறந்தார். எங்கள் பெயருக்கு நேரே எல்லாம் சிவப்பு.

“மேடம், உங்க கிச்சன்ல இருந்து ஒரு நாள் கூட சாப்பாடு போகலைன்னு காட்டுது. வந்த படமெல்லாம் காலிப் பாத்திரம்.”

“காலியாத்தான் இருக்கும். புள்ளைங்க சாப்ட்டாச்சில்ல!” என்றேன்.

“திறந்ததும் எடுக்கணும் மேடம். நிறைஞ்ச பாத்திரம்.”

லூர்து அக்கா விழித்தார். “நெறஞ்சத எடுத்து இன்னா பண்றது சார்? புள்ளைங்க தின்னாங்களான்னு எப்டித் தெரியும்?”

“காலியைப் பாத்து, கொண்டுவந்தீங்கன்னு கமிட்டி எப்படிம்மா நம்பும்?”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். பள்ளியில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“விசாரிச்சேன், நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா கமிட்டி ஸ்கிரீனைத்தான் பாக்கும். நாளன்னிக்குக் கமிட்டி. உங்களை எடுத்துட்டு வேற கிச்சனுக்குக் குடுக்கலாம்னு பேச்சு. நாளைக்கு நானே பள்ளிக்கு வந்து பாக்கறேன்.”

மறுநாள் காலை சேமியா கிச்சடி. ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி என்று நின்றபடி உப்பைப் போட்டேன். நான் போனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மறந்திருப்பேன் என்று லூர்து அக்காவும் போட்டார். ருசி பார்க்க வேண்டிய நேரத்தில், நிறைந்த குண்டானைப் படமெடுத்துப் பழகிக்கொண்டிருந்தோம்.

பள்ளியில் மூடியைத் திறந்தோம், படம் எடுத்தோம். பச்சை விழுந்தது. ராஜசேகர் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, வந்த போனைப் பேச வெளியே போனார். முதல் வாய் வைத்த சிறுமி முகத்தைச் சுளித்தாள்.

“ஆன்ட்டி, உப்பு ஜாஸ்தி.”

எடுத்து வாயில் போட்டேன். தூக்கிவாரிப் போட்டது. உடனே எதிர்க் கடைக்கு ஆட்டோவை விரட்டி, வாழைப்பழமும் பிரெட்டும் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கிச்சடி அப்படியே கிடந்தது.

லூர்து அக்கா என் காதோரம் வந்தார். “சுகுணா, பச்ச வந்துடுச்சு. அவரு கேட்டது ஒரு படந்தான். மூடி வண்டில ஏத்திடலாம்.”

என் வாய் 'சரி' என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. ஒரு வருஷ வேலை. ஆனால் இத்தனை காலம் அடியைக் காட்டச் சொல்லி எல்லாரையும் மிரட்டியவள், இன்றைக்கு மட்டும் மூடியைப் போடுவதா?

“எடுக்கா படத்த. மிச்சம் நல்லா தெரியற மாதிரி எடு.”

“வேல போய்டும்மா.”

“போனா போவட்டும்.”

படம் போனது. ராஜசேகர் போனைப் பார்த்தபடியே உள்ளே வந்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து இருமினார்.

“இதை அனுப்பச் சொல்லி நான் கேக்கவே இல்லையே மேடம்.”

“எங்க மெஸ்ல நான் கேப்பேன் சார்.”

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று முழுக்கக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தேன். மறுநாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன்.

“கமிட்டில அந்த உப்புப் படத்தைத்தான் மேடம் முதல்ல காட்டினேன். மிச்சத்தையே மறைக்காதவங்க அனுப்பின காலிப் படத்தை நம்பலாம்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. வருஷம் முழுக்க நீங்கதான். அப்புறம், ஆப்ல ரெண்டாவதா ஒரு படம் சேக்கறோம், 'சாப்பிட்ட பிறகு'ன்னு. இனிமே எல்லா கிச்சனும் அனுப்பணும்.”

பெருமை தாங்கவில்லை எனக்கு. சும்மா சொல்வானேன், கண்ணே கலங்கிவிட்டது. என் சமையலறைச் சட்டம் இனி எல்லாச் சமையலறைக்கும் சட்டம்!

புது ஆப் வந்த அன்று பொங்கல். பள்ளியிலிருந்து அக்கா அனுப்பிய இரண்டாவது படம் என் போனிலும் வந்து விழுந்தது. குண்டானில் ஒரு பருக்கை இல்லை. பளபளத்த அடியில், கண்ணாடி போட்ட லூர்து அக்காவின் முகம் சிரித்துக்கொண்டு தெரிந்தது. அடுப்படியில் இருந்த அத்தனை பேருக்கும் போனைத் தூக்கிக் காட்டினேன்.

அக்கா வந்து இறங்கியதும் வாசலுக்கே போய், “எங்க, குண்டானச் சாயி பாக்கலாம்” என்றேன்.