மலைப்பாம்புக்கு ஓர் இடுப்பு

பேண்டு மாஸ்டர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, ஒரு ஜோடி ஜால்ராவை நீட்டி, "கொஞ்ச நாளைக்கு இதைத் தட்டுங்கம்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் பைக்காரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பை தைக்கும் பட்டறையில் வேலை செய்வதால் ஊரே அவளைப் பைக்காரி என்றுதான் கூப்பிடும். பிழைப்புப் பட்டறையில், உயிர் பேண்டில். அங்கே அவள் ஊதியது சூசாபோன். உடம்பைச் சுற்றி வளைத்து மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே அகன்ற வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்தப் பெரிய பித்தளைக் குழல். பேண்டுக்காரர்கள் அதை மலைப்பாம்பு என்பார்கள். அதன் கனமெல்லாம் இடது தோளில்தான் இறங்கும். பட்டறைப் படியில் வழுக்கி விழுந்தபோது அவளுக்கு உடைந்ததும், பாருங்கள், அதே இடது தோளெலும்பு! வலது பக்கம் உடைந்தால் ஆகாதா? தகடு வைத்தார்கள், எலும்பும் கூடிவிட்டது. ஆனால் கைப்பை வாரை மாட்டினாலே உயிர் போய் உயிர் வந்தது. பேண்டின் மலைப்பாம்பு இப்போது ஒரு காவல்காரரின் தோளில்.

"ஜால்ரா அடிக்கிற பழக்கம் பொறந்ததுலருந்தே எனக்குக் கிடையாது மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒண்ணு சொல்றேன். அணிவகுப்புக்கு முன்னாடி மைதானத்துல ஒத்திகை இருக்கு. குழலை மாட்டிக்கிட்டு எங்களோட முழுசா ஒரு சுத்து வாங்க. நடுவுல கீழ இறக்கக் கூடாது. இறக்காம வந்துட்டா உங்க இடம் உங்களுக்கு. இல்லைன்னா ஜால்ரா. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"குழல்ல கொஞ்சம் வெட்டி ஒட்டற வேலை இருக்கே?"

"பேண்டுக் குழல் மேல கை வெச்சீங்க, கொன்னுடுவேன். அது பொதுச் சொத்து. உங்க சொந்தக் குழல்னா என்ன வேணா பண்ணிக்குங்க."

அவள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் மலையேறுகிறவர்களுக்குப் பெரிய முதுகுப்பை தைப்பார்கள். பார்த்தால் தோளில் தொங்குவது போலிருக்கும், ஆனால் கனமெல்லாம் இடுப்புப் பட்டையில்தான் உட்காரும். பைக்கு முடிகிறது மலைப்பாம்புக்கு முடியாதா?

அடுத்த ஞாயிறு அவளும் அவள் கணவனும் பழைய சாமான் கடைக்குப் போனார்கள். அவன் பிளம்பர். கடையின் மூலையில் ஒரு சூசாபோன் கிடந்தது. அதன் வாயில் நாலைந்து குடைகளைச் செருகி வைத்திருந்தான் கடைக்காரன்.

"கலைப்பொருள்ங்க, விலை அதிகம்."

"கலைப்பொருளா? உள்ள பல்லி குடும்பம் நடத்துது" என்றான் பிளம்பர், குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து.

பைக்காரி பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். இரண்டு ஓடின, ஒன்று அடம்பிடித்தது. வளைவில் இரண்டு ஓட்டைகள். அரைமணி நேரம் வாய்ச்சண்டை போட்டதில், கடையில் இருந்த சோபாக்களுக்கு அவள் உறை தைத்துத் தருவதாகவும், கடைக்காரன் பாதி விலைக்கு இறங்குவதாகவும் முடிவாயிற்று.

அதை வீட்டுக்குக் கொண்டுபோவது தனிக்கூத்து. ஸ்கூட்டரில் ஏறாது. கையில் தூக்கவும் முடியாது. மாட்டிக்கொள்வது ஒன்றுதான் வழி என்று பிளம்பர் தலையை நுழைத்துக்கொண்டான். பஸ் வாசலில் சிக்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கண்டக்டர், "உள்ள வர்றீங்களா, வெளிய போறீங்களா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். ஒருவழியாக உள்ளே திணித்தார்கள். இறங்கிப் பார்த்தால் குழலின் வாயில் ஒரு பிஸ்கட் உறை. குப்பைத்தொட்டி என்று நினைத்து யாரோ புண்ணியவான் போட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து அந்த வீட்டு முன்னறையே பட்டறையாகிவிட்டது. பிளம்பர் அடம்பிடித்த பொத்தானுக்கு எண்ணெய் விட்டு ஓடவைத்தான், ஓட்டைகளைப் பற்றவைத்து அடைத்தான். பிறகு தண்ணீரை ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தான், தொழில்புத்தி எங்கே போகும்? பைக்காரி தடித்த பட்டையில் இடுப்பு வார் தைத்தாள். வலது இடுப்பில் குழலின் அடிவளைவு உட்கார ஒரு கிண்ணம். இடது இடுப்பிலிருந்து முதுகுப் பக்கமாக மேலே எழும்பும் ஒரு வளைந்த கம்பி. குழலைத் தோளில் படவிடாமல் தாங்குவது அந்தக் கம்பியின் வேலை.

மாட்டினாள். வாரை இறுக்கினாள். தோளுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. வலி? மருந்துக்கும் இல்லை!

"அடேயப்பா! பறக்கற மாதிரி இருக்குங்க!" என்றவள், மூச்சை இழுத்து அடிச்சுரத்தை ஊதினாள். வந்தது என்ன தெரியுமா? ஏப்பம்.

மறுபடி ஊதினாள். மறுபடி ஏப்பம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பை தைத்துத் தைத்துப் பழகிய கை, வாரை வயிற்றின் மேல் நச்சென்று இறுக்கிவிட்டிருந்தது. மூட்டை சுமக்கிறவனுக்கு அது சரி. குழல் ஊதுகிறவளுக்கு வயிறு உப்ப வேண்டும், அப்போதுதான் அடிச்சுரத்துக்கு மூச்சு கிடைக்கும். இருபது வருஷமாக வயிற்றால் ஊதிய மனுஷிக்கு வயிறு மறந்துபோயிருக்கிறது பாருங்கள்! வாரைத் தளர்த்தினால் குழல் சரிந்து தோளில் இடித்தது. இறுக்கினால் ஏப்பம். அன்று முழுக்க இதே பாடு.

கடைசியில் குழலைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "எனக்கு இது வேணுங்க. வேற எதுவும் எனக்கு இவ்வளவு வேண்டியிருந்ததில்ல" என்றாள்.

பிளம்பருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "பஸ்ல போட்ட பிஸ்கட் உறை இன்னும் உள்ளயே இருக்கோ என்னவோ" என்று சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவள் முறைத்தாள். முறைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்றேன். தொந்தி இந்த ஆட்டம் ஆடுது. பெல்ட் மட்டும் கொஞ்சம்கூட அசையலையே!"

அசையாதுதான். பெல்ட் தொந்திக்கு மேல் இல்லை. முன்பக்கம் தாழ்ந்து, தொந்திக்குக் கீழே, இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"பாத்தியா, இத்தனை வருஷம் இதைத்தான் கேலி பண்ணினே" என்றான் பிளம்பர், பெருமையாக.

அவள் தையலை எல்லாம் பிரித்துவிட்டு, முன்பக்கம் பள்ளமாக வளைத்து, எலும்பில் மட்டும் பிடிக்கும்படி புதிதாகத் தைத்தாள். இந்தத் தடவை ஊதியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். தட்டட்டும்!

ஒத்திகை நாள் வந்தது. பிளம்பர் மைதானத்து ஓரமாகக் கூடவே நடந்தான். பாதிச் சுற்று வரைக்கும் ஒரு குறையும் இல்லை. காவல்காரர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, அடி மேல் அடி வைத்த அதிர்வில், இடப்பக்கக் கம்பியின் நட்டு கழன்றது. குழல் இறங்கித் தோளில் தகடு வைத்த இடத்தின் மேலேயே உட்கார்ந்தது.

கண்ணில் நீர் தளும்பியது. இறக்கி வைத்தால் எல்லாம் முடிந்தது. அவள் இறக்கவில்லை. இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டவளைப் போல நடந்தாள். ஆனால் நடை கோணியது, சுரம் நடுங்கியது, இன்னும் பத்தடி தாங்காது என்று அவளுக்கே தெரிந்தது.

அப்போது வரிசைக்குள் ஒரு ஆள் புகுந்தான். கையில் ஸ்பேனர். அவளுக்குப் பின்னால் குனிந்து, காலடி தவறாமல் நடந்துகொண்டே நட்டை முறுக்கத் தொடங்கினான்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "யாருய்யா அது, வரிசைக்குள்ள?"

"பிளம்பர்ங்க! ஒழுகுது, அடைச்சிட்டுப் போயிடறேன்!"

குழல் தோளை விட்டு எழும்பியது. அவள் வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். வந்த சுரத்தில் முன்னால் போன முரசுக்காரரின் முதுகு நிமிர்ந்தது. மிச்சப் பாதிச் சுற்றையும் அவள் நேராக நடந்தே முடித்தாள்.

மாஸ்டர் கிட்டே வந்து, கம்பியைப் பார்த்தார், வாரைப் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிளம்பரையும் பார்த்தார்.

"இறக்கலை. ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா அணிவகுப்புல இப்படி அழுக்குச் சட்டையோட ஒரு ஆள் உள்ள புகுந்தா பேண்டுக்கு அசிங்கம். இவருக்கும் ஒரு யூனிஃபார்ம் தைச்சிடுங்கம்மா."

பைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குழலில் வாயை வைத்து, மைதானமே அதிர ஊதினாள்.