ஏழு பேரில் வராதவர்

சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சக்கர மேசையில் லேப்டாப்பை வைத்து, திரையில் இருந்த பதினொன்று என்ற எண்ணை அப்பா விரலால் தட்டினார். "பதினொண்ணே பதினொண்ணு. அந்த டாக்டருக்கு ஒன்பதாயிரம்!"

இது இன்று மதியம் நடந்தது. இப்போது வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, போன் வெளிச்சத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு என் நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை வைக்கப் போகிறார்கள். இதயம் தாளம் தப்பினால் அது ஒரு உதை விட்டுச் சரிசெய்யுமாம். "இனிமே உனக்கு சார்ஜ் போடணுமாக்கா?" என்று தங்கை போனில் கேட்டாள். சிரித்தேன்.

அப்பா மிக்ஸி வாங்குவதற்கே முந்நூறு பேருடைய விமர்சனத்தைப் படிப்பவர். எனக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை விடுவாரா? அவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார், மற்ற ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். என் நோயைப் பற்றி டாக்டர் எழுதிய கட்டுரைக்குப் பதினொன்று. வெளியூரில் இருக்கும் பெரிய டாக்டருக்கு மொத்தம் ஒன்பதாயிரம். ஆனால் அவரிடம் போக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"விசாரிச்சிருந்தா..." என்று ஆரம்பித்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். லேப்டாப்பை மூட அப்பாவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணு இல்ல சார். அதுல நாலு, நானே என் மத்த கட்டுரைங்கள்ல போட்டுக்கிட்டது. மத்தவங்க ஏழு பேருதான்."

எனக்குப் பயம் இன்னும் ஏறியது. கூடவே, இப்படிச் சொல்கிறவர் நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனாலும் மறைக்க மாட்டார் என்றும் தோன்றியது.

"அங்க போறதுன்னா நானே லெட்டர் தரேன், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு மாசமும் இவ ராத்திரி தனியா படுக்கக் கூடாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள்கள் ஞாபகம் வந்தன. ஃபைலின் அடியில் கிடந்தன. அவற்றில் ரத்தப் பரிசோதனை எண் எதுவும் இல்லாததால் அப்பா படிக்கவே இல்லை.

இரண்டு வருடமாக, காலையில் அலாரம் அடித்தால் சில நாள் மயங்கி விழுந்துவிடுவேன். வலிப்பு என்றார்கள், பரீட்சை பயம் என்றார்கள். போன மாதம் விழுந்தபோது பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். ட்யூட்டி முடிந்து பையை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர், "விழுறப்போ ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அலாரம் என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு ஈசிஜி எடுத்தார். திடீர்ச் சத்தத்தில் இதயம் தாளம் தப்புகிறது என்றார். பிறகு மேசை டிராயரிலிருந்து இந்தத் தாள்களை எடுத்து, "பெரிய ஆஸ்பத்திரில இத எழுதினவங்களையே போய்ப் பாரு" என்று கொடுத்தார்.

கிளினிக்கில் கொடுத்தது என்று சொல்லி, அதை ஆபரேஷன் டாக்டரிடம் நீட்டினேன். அவருடைய கட்டுரைதான். மடித்து மடித்து நைந்திருந்தது, ஒரு மூலையில் டீ வட்டம். அட்டவணைக்குப் பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி போட்டுப் பேனாவில் எழுதியிருந்தது: அலாரமா? ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதே.

டாக்டர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"யாரு இவரு? கட்டுரை ஏதாவது எழுதுறவரா?"

"தெரியல டாக்டர். அங்க ஒரே கூட்டம். அவருக்கு டீ குடிக்கவே நேரமில்ல."

"இந்தப் பக்கத்த நான் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?"

அவர் எடுத்த முதல் போட்டோ ஆடி மங்கலாக விழுந்தது. நாளைக்கு என் நெஞ்சைத் திறக்கப்போகிற கை! அவரும் அதைப் பார்த்தார். "நாளைக்கு இப்படி இருக்காது, பயப்படாத" என்று சிரித்தார்.

அப்பா லேப்டாப்பை மூடினார். "நீயே சொல்லும்மா."

சம்மதப் படிவத்தில் எனக்கென்று ஒரு கோடு இருந்தது. "இவங்களே பண்ணட்டும்ப்பா" என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ட்யூட்டி டாக்டருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதல் வேலை அதுதான். விழித்தால் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

இப்போது எங்கள் யார் போனிலும் அலாரம் கிடையாது. காலையில் அம்மா தொட்டு எழுப்புவாள். நாற்காலியில் தூங்கிக்கொண்டே, இப்போதே என் கணுக்காலைப் பிடித்திருக்கிறாள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. வராந்தா விளக்கின் கீழ் அப்பா அந்தக் கட்டுரையை மடியில் விரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டி, உதடு அசைய வாசிக்கிறார். முதல் பக்கம் முடிந்துவிட்டது. எச்சில் தொட்டு, டீ வட்டம் இருக்கிற தாளைக் கிழியாமல் மெதுவாகத் திருப்புகிறார்.