அம்மா செத்தால்தான் லீவு

வானொலி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் நிலைய அதிகாரி வரை எல்லாரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு அவளைவிடப் பத்து வயது கூட. கேட்டால், "என்ன பண்றது, வாய்ல அப்படியே வந்துடுது" என்று பல்லைக் காட்டுவார். எல்லாம் மாலை நாடகம் செய்த வேலை. அதில் அவள் கட்டிலில் படுத்தபடியே ஊர் வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கும் தாய். அந்தத் தாய்க்குத் தொலைவில் ஒரு மகள்; வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தைக் கடத்துகிறவள். அவள் வருவாளா மாட்டாளா என்று ஜனங்கள் சோறு தண்ணி மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிஜ மகளோ நாளைக் காலை கப்பல் ஏறுகிறாள். அவள் புருஷனுக்கு அக்கரையில் வேலை. திரும்பி வர எத்தனை வருஷமோ, யார் கண்டது? துறைமுக ஊருக்குக் கடைசி பஸ் சாயங்காலம் ஏழு மணிக்கு. அவளுக்கோ ஆறு மணி நாடகம் முடிந்தாலும் ஒன்பது மணிக்குக் கதை வாசிப்பு இருந்தது.

"சார், இன்னிக்குச் சாயங்காலமும் நாளைக்கும் மட்டும் லீவு குடுங்க." ஒரு மாதமாகக் கேட்டதையே அன்று காலையும் கேட்டாள்.

"அம்மா இல்லாம நாடகமா? உங்களுக்குத் தொண்டை கட்டுனப்போ வேற ஆளப் போட்டோம். மூட்டை மூட்டையா திட்டு வந்துச்சே, மறந்துட்டீங்களா?"

"இன்னிக்கு ராத்திரிக் கதையையும் நாளைக்கானதையும் இப்பவே பேசிக் குடுத்துடறேன். டேப்புல புடிச்சு வச்சுக்குங்க."

"டேப் விக்கிற விலைக்கா? இங்க பாருங்க, சொல்லாம கொள்ளாம போனீங்கன்னா அப்படியே போயிடலாம். திரும்பி வர வேண்டாம்."

அவள் எப்படிப் போவாள்? தன் புருஷன் செத்துப்போனதிலிருந்து இந்தக் குரல்தான் வீட்டில் அடுப்பெரித்தது.

ஒலிபரப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது; பக்கத்து அறையைப் பார்க்க ஒரு கண்ணாடி மட்டும். சுவரெல்லாம் ஓட்டை போட்ட அட்டை. கனத்த கதவு சாத்தி வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் பேச்சு நேரே ஊருக்குப் போகும்; இடியே விழுந்தாலும் யாரும் திறக்கக் கூடாது. காலையில் அங்கே அவள் குடியானவன் பெண்டாட்டி. "ஏங்க, மிளகாய்ச் செடி இலையெல்லாம் சுருண்டு போகுதே?" என்று அலுத்துக்கொண்டாள். அடுத்து மருத்துவர் உரை. அவரிடம் வயிற்றுவலிக்காரி, மூட்டுவலிக்காரி, பால் குடிக்காத குழந்தையின் தாய் என மூன்று பேராகச் சந்தேகம் கேட்டாள். பெண்கள் நேரத்தில், "கட்டிக்கொடுத்த பெண்ணை அடிக்கடி போய்ப் பார்த்துவர வேண்டும் சகோதரிகளே" என்று தேனொழுகப் படித்தாள். படித்து முடித்ததும் அந்தத் தாளைக் கசக்கி எறியலாம் போலிருந்தது. தாள் நிலையத்துச் சொத்து. மடித்து வைத்தாள்.

மத்தியானம் நாடகக் கதாசிரியரை டீ குடிக்கும் இடத்தில் மடக்கினாள். "இன்னிக்கு என்னைக் கொன்னுடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அவர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். "ஏம்மா, என் வயித்துல அடிக்கிறீங்க? நாடகத்துல ஒரு மாட்டைச் சாகடிச்சதுக்கே வீட்டு ஜன்னல ஒடச்சுட்டுப் போனாங்க. இன்னிக்குக் காய்ச்சல் முத்துது. வைத்தியர் ஊசி போடறாரு. நீங்க கண்ணு முழிச்சுத் தண்ணி கேக்கறீங்க. அவ்வளவுதான், எழுதியாச்சு, அதிகாரி கையெழுத்தும் போட்டாச்சு."

சிறுவர் நேரத்தில் அவள் அணில். கீச்சுக் குரலில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மகள் கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் கோபத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது: "ஊருக்கெல்லாம் நீ அம்மா. எனக்கு மட்டும் ரேடியோ." அன்று அவளைத் திட்டிவிட்டாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று இப்போது உறைத்தது.

ஆறு மணிக்கு நாடகம். சிவப்பு விளக்கு எரிந்தது. மகனாக நடிப்பவர் எதிரே நின்றார். அவளைவிட ஐந்து வயது மூத்தவர், வழுக்கை. குரல் மட்டும் கன்னுக்குட்டி. காய்ச்சல் முத்தியது. வைத்தியர் ஊசி போட்டார். மகன் தழுதழுத்தார்.

"அம்மா, கண்ணத் திறம்மா!"

இங்கே அவள் தண்ணீர் கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள்.

நாடக மேடையில் பேசாமல் இருந்தால் ஆள் இருப்பது கண்ணுக்காவது தெரியும். வானொலியில் வாயை மூடினால் ஆளே இல்லை.

"அம்மா... அம்மா, தண்ணி வேணுமா?" மகன் எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி இரண்டு கையையும் ஆட்டினார். கதாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மகன் அந்தக் கண்ணைப் பார்த்தார். நாளைக்குக் கப்பல் என்பது அவருக்கும் தெரியும். கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"ஐயோ, எங்கள விட்டுட்டியே அம்மா!"

அந்த அலறலில் வைத்தியராக நடித்தவரும் நிஜமாகவே அழுதுவிட்டார்.

விளக்கு அணைந்ததும் அதிகாரி புயல் மாதிரி உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கொன்னுட்டீங்களே! ஒன்பது மணி கதை வாசிப்பும் நீங்கதானே? செத்த பொம்பள கதை படிச்சா சனங்க நிலையத்தைக் கொளுத்திடும்! இந்த நிமிஷத்துலருந்து ஒரு மாசத்துக்கு உங்க குரல் வெளில கேக்கக் கூடாது. சம்பளமும் கிடையாது. திரும்பி வந்தாலும் அணிலு குருவிதான்."

"சரிங்க சார்."

"வாயத் திறக்காதீங்கன்னேன்!"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் தாண்டியதும் ஓடினாள்.

தெருவில் கடைக்குக் கடை ரேடியோவைச் சுற்றிக் கும்பல். ஒரு முடிதிருத்தகத்தில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பும்போது ஏறிவிட்டாள். பக்கத்து இருக்கையில் ஒரு நடுத்தர வயதுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போகணும்?"

குரல் வெளியில் கேட்கக் கூடாதே. விரலால் முன்பக்கம் காட்டினாள்.

"முன்னாலதான் எல்லா ஊரும் இருக்கு. வாயத் திறந்து சொல்லுங்க."

சொன்னாள். ஊர்ப் பெயர் ஒன்றுதான், அதுவும் கிசுகிசுப்பாக. பக்கத்தில் இருந்தவளின் கை முந்தானையோடு அப்படியே நின்றது.

"உங்க குரலு... அப்படியே அந்த அம்மா மாதிரியே இருக்கே."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாவி மனுஷி," என்று அந்தப் பெண் மறுபடி விசும்பினாள். "பெத்த பொண்ணு முகத்தப் பாக்காமலே கண்ண மூடிட்டாளே. அது வயிறு என்னமா துடிச்சிருக்கும்!"

அவள் திரும்பி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா," என்றாள், கட்டிலில் படுத்துக்கொண்டு பேசும் அதே குரலில். "பாத்துடுவா."