நிறைந்தே இருந்த தொட்டி

இவ்வளவு தண்ணி கண்ணுக்கு முன்னால கிடக்கு. குனிஞ்சால் வாயில படும். பிறகும் ஏன் குடிக்காமல் விட்டனீ?

பவளம் இதை டோலியிடம் மனதுக்குள் கேட்டாள். வேலியோரம் டோலி விழுந்து கிடந்தது. அந்தக் கிழட்டுப் பெண்குதிரை இடைக்கிடை தலையைத் தூக்கித் தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தலையை மண்ணில் போட்டது.

எழுபத்தாறாம் ஆண்டுத் தை மாதம்; இந்த வெள்ளைக்கார நாட்டில் அது கடுங்கோடை. பிளாக்டவுனில் வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கொலின்ஸ், மகளிடம் போகுமுன், தன் இரண்டு குதிரைகளையும் பவளத்திடம் ஒப்படைத்திருந்தார். அவை குடிப்பதற்குப் பழைய குளியல் தொட்டி ஒன்று மரத்தடியில் கிடந்தது. அதன் அடைப்பைச் சங்கிலியோடு இழுத்துக் காட்டி, பழையதை ஓடவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும், ஒவ்வொரு நாளும், என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

முதல் நாள் அவள் அடைப்பைக் கழற்றத்தான் செய்தாள். தொட்டித் தண்ணீர் புழுதியில் குபுகுபுவென்று இறங்கியதும் அவசரமாக அடைப்பை வைத்து அமத்தினாள். பவளம் நெடுந்தீவில் பிறந்தவள். கோடையில் கிணற்றுக்குள் இறங்கிச் சிரட்டையால் வழித்த தண்ணீரில் முகம் கழுவி, அதையே முருங்கைக்கு ஊற்றி வளர்ந்தவள். அன்றிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே வந்தாள். இலை விழுந்தால் எடுத்தெறிந்தாள். பாசி படர்ந்தபோது, குளத்திலும் பாசி படரும்தானே என்று நினைத்தாள். நாள் போகப்போக, நிரப்புவதற்கே இடமில்லாமல் தொட்டி நிறைந்து கிடந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. ஏன் குறையவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

இன்று மத்தியானம், டோலி விழுந்த பிறகு, குழாயில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு ஓடினாள். டோலி மூக்கைத் திருப்பிக்கொண்டது. பின்னால் வந்த மற்றக் குதிரை வாளிக்குள் தலையை விட்டு ஒரே மூச்சில் குடித்து, வெறும் வாளியை நக்கியது. இன்னொரு வாளி கொண்டுவந்தாள். அதுவும் போயிற்று. அப்போதுதான் தொட்டியில் குனிந்து மணந்து பார்த்தாள்; அழுகல் நாற்றம்.

அவளுடைய தீவிலும் குதிரைகள் இருந்தன. கோடையில் வற்றிய குளத்தைச் சுற்றிப் படுத்துச் செத்துப்போகும். யாரைக் குற்றம் சொல்வது? தண்ணீர் இல்லை. இங்கே குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

புருஷன் கேதீஸ்வரன் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே பின்பக்கம் வந்தான்.

"மிருக டொக்குத்தருக்குச் சொன்னதோ?"

"பக்கத்து வீட்டு மனிசி போன் பண்ணினவ. வந்துகொண்டிருக்கிறாராம்."

அவன் தொட்டியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"கடவுளே. நீர் இதை மாத்தேல்லையோ?"

"நிரப்பினனான்."

"நிரப்பினவ! தீவாள் எண்டு சும்மாவே சொல்லுறது? தண்ணியையும் ஊறுகாய் போட்டு வைச்சிருக்கிறா."

தீவார் கஞ்சர் என்ற வழக்கமான பகிடிதான். ஆனால் இருவரும் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இஞ்ச பாரும், கொலின்ஸ் அறிஞ்சால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவான். எங்கட முகத்தைப் பாத்துப்போட்டு, வீடு இப்பதான் குடுத்தாச்சு எண்டு எத்தினை பேர் கதவைச் சாத்தினவங்கள்? கெதியாய் அடைப்பைக் கழட்டும். தொட்டியைக் கழுவ நான் ஹோஸைக் கொண்டு வாறன். கிழட்டுக் குதிரை, வெயில் தாங்கேல்லை எண்டு சொல்லுவம்."

"இந்தத் தண்ணியைப் பாத்தால்தான் டொக்குத்தருக்கு என்ன நடந்ததெண்டு தெரியும்."

"தெரிஞ்சு? அது இனித் தப்பாது, பவளம்."

அது அவளுக்கும் தெரிந்திருந்தது. டோலி இப்போது தலையைத் தூக்குவதில்லை. மற்றக் குதிரை மட்டும் வாளியைக் காலால் தட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கத்தில் கார் ஒன்று வந்து நின்று, கதவு அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"பவளம்! கழட்டும் எண்டெல்லே சொல்லுறன்."

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அடைப்பின் சங்கிலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"நான் கழட்டமாட்டன்" என்றாள்.