மூடுவதற்கு மட்டும் அனுமதி

மே மாத இறுதியில் மந்தைகள் மலையேறும்போது அந்த மலை மாவட்டத்தின் நெஞ்சக மருத்துவமனை நோயாளிகளான மேய்ப்பர்களும் அவற்றுடன் ஏறிவிடுவார்கள். அந்த ஆண்டு முப்பத்தெட்டுப் பேர். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டியவர்கள். ஜூலை பதினைந்து வரைக்குமான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புவார்கள். மீதியை ஓட்டுநர் தாலாய்பெக் ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். யார் எந்த மேய்ச்சல் நிலத்தில், யாருடைய கூடாரத்தில் இருக்கிறார் என்ற விவரம் ஒரே ஓர் அட்டவணையில்தான் இருந்தது. அதை மருத்துவர் சைரகுல் அம்மையார் தம் கைப்பட உள்ளிட்டு வந்தார். அந்த அட்டவணை எங்கள் சர்வரில் இருந்தது.

தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள எங்கள் சிறு நிறுவனம், அலுவலகங்களுக்குக் கோப்புகளைப் பகிரும் சர்வரை எழுதிக் கொடுக்கிறது. அதில் அமர்வுகளைக் கையாளும் பகுதி என் பொறுப்பு. ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும் வரை உள்ள காலமே அமர்வு. பத்து மணி நேரம் கடந்த அமர்வைக் காலாவதியானதாகக் கருத வேண்டும், அவர் மீண்டும் தம்மை நிரூபிக்கும் வரை எதையும் படிக்கவோ எழுதவோ விடக்கூடாது, திறந்ததை மூடவும் வெளியேறவும் மட்டும் அனுமதிக்க வேண்டும் என்பது இத்தகைய சர்வர்களுக்கென வகுத்த விதிநூலின் கட்டளை. எங்கள் சர்வர் இதில் எதையும் பின்பற்றவில்லை. அதில் ஓர் அமர்வு சாகவே சாகாது. மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் பழைய அமர்வு கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு, திரும்பி வந்த உரிமையாளரையே வெளியில் நிறுத்தும்.

ஆகவே மருத்துவமனையில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. சைரகுல் அம்மையார் அட்டவணையை மூடுவதே இல்லை. கணினியின் நெற்றியில் அவர் ஒட்டியிருந்த தாளில் இவ்வாறு எழுதியிருந்தது: “தொடாதே. அணைக்காதே. மூடாதே.”

இரண்டு வாரம் உழைத்து விதிநூலின் ஒவ்வொரு வரிக்கும் ஏற்பச் சர்வரைத் திருத்தினேன். இருநூற்றுப் பதினான்கு சோதனைகளும் தேறின. மே பதினாறாம் தேதி புதிய சர்வரை நிறுவுவதற்காக ஆறு மணி நேரப் பயணம் செய்து மருத்துவமனைக்குச் சென்றேன்.

தாலாய்பெக் வாசலில் ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“எஜே, வந்துட்டாங்க பட்டணத்து டாக்டரு,” என்று உள்ளேயிருந்த சைரகுல் அம்மையாரை அக்கா முறையில் விளித்துக் குரல் கொடுத்தார். “மிஷினுக்கு ஊசி போடப் போறாங்களாம்.”

“நீ முதல்ல உன் வண்டிக்குப் போடு. மூணு நாளா படுத்துக் கெடக்கு,” என்றார் சைரகுல் அம்மையார், ஜன்னலிலிருந்து. பிறகு என்னைப் பார்த்து, “வாம்மா உம்சுனாய், உள்ள வா. இவன் பேச்ச எடுத்துக்காத,” என்றார்.

ரொட்டியும் பாலேடும் வைத்த மேசையில் என்னை அமர்த்தினார். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சர்வரை மறுமுறை இயக்கி, அவருடைய அட்டவணையைத் திறந்து காட்டினேன்.

“இனிமே பூட்டிக்காதுல்ல?” என்று கேட்டார்.

“பூட்டிக்காது எஜே. கரண்ட் போனாலும் நீங்க திரும்ப வந்தா உங்கள உடனே அடையாளம் கண்டுக்கும்.”

“அப்ப, தொறந்தே வெச்சிருக்கட்டுமா? இல்ல தெனமும் மூடணுமா?”

தினமும் மாலையில் மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவருடைய கணினி மிகப் பழையது என்பதையும் கண்ணால் கண்டேன். காலாவதி என்று சர்வர் சொல்லும்போது மீண்டும் அடையாளம் காட்டும் திறன் அதற்கு உண்டா என்று நான் சோதித்திருக்கவில்லை. என் சோதனைக் கணினிகள் யாவும் புதியவை. ஆனால் அவர் என் தாயினும் மூத்தவர். அவருடைய மேசையில், அவருடைய ரொட்டியை உண்டுகொண்டு, அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாளைத் தவறென்று சொல்வது எங்களிடையே இல்லாத வழக்கம்.

“உங்க வசதிப்படி செய்யுங்க எஜே,” என்றேன்.

அதை அவர் அனுமதியாக எடுத்துக்கொண்டார். வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

ஜூன் இருபத்தேழாம் தேதி விடியலில் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. முந்தைய நாள் மின்சாரம் போய்க் கணினி அணைந்திருந்தது. மீண்டும் இயக்கியபோது அட்டவணை உடனே திறந்தது, பூட்டவில்லை. ஆனால் அதில் மே பதினாறுக்குப் பின் ஒரு வரியும் இல்லை.

அன்று மதியமே அங்கே இருந்தேன். சைரகுல் அம்மையார் நாற்காலியில் இல்லை, ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

“நாப்பது நாள் எழுதுனேன்,” என்றார். “ஒவ்வொருத்தனும் கணவாய்லருந்து போன் பண்ணுவான். அதுக்கப்புறம் சிக்னல் கெடையாது. எஜே, நான் இன்னார் கூடாரத்துல, இந்த ஓடைக்கு மேலன்னு சொல்லுவான். கேக்கக் கேக்க அடிச்சேன். திரையில இருந்துச்சும்மா. நேத்துக் காலைல கூட இருந்துச்சு.”

“எழுதுறப்ப ஏதாவது அறிவிப்பு வந்துச்சா எஜே?”

“மூலையில ஒரு சின்னப் பெட்டி வரும். இங்கிலீஷ்ல. நீ போட்ட புதுசுதான் பேசுதுன்னு நெனச்சு, சரின்னு அமுக்கிடுவேன்.”

சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். மே பதினாறு இரவு பதினொரு மணி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதன் பிறகு அந்த அமர்வு காலாவதியாகி விட்டது. அவர் அடித்த ஒவ்வொரு வரியையும் சர்வர் மறுத்திருந்தது. ஆயிரத்து நூற்று ஆறு மறுப்புகள். ஒவ்வொன்றின் எதிரிலும் நாள், நேரம், பயனர் பெயர், கோப்பின் பெயர், எழுத வந்ததன் அளவு, மறுத்ததற்கான சரியான எண் ஆகியவை இருந்தன. எழுத வந்தது என்னவென்று மட்டும் இல்லை. விதிநூல் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் எடுத்த நகல்கள் யாவும் அதே பழைய அட்டவணையின் நகல்களே. திரையில் அவர் கண்டது அவருடைய கணினியின் நினைவில் இருந்தது. மின்சாரத்துடன் அதுவும் போயிற்று.

நிறுவனத்தின் மூத்தவரும் நான் பைக்கே, அதாவது அண்ணன், என்று அழைப்பவருமான எசென்கானைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பைக்கே, எழுத்து ஒண்ணும் சேமிக்கப்படல. எல்லாத்தையும் மறுத்திருக்கு.”

“விதிப்படிதான மறுத்துச்சு?”

“விதிப்படிதான்.”

“அப்ப நம்ம மேல தப்பில்ல உம்சுனாய். அவங்க மிஷின் பழசு. மறுத்த எண்ணப் பாத்து அறிக்கை எழுதிக் கொடுத்துரு.”

“அவங்க தெனமும் மூடணுமான்னு கேட்டாங்க பைக்கே. நான் சொல்லல.”

“அத யார்கிட்டயும் சொல்லாத,” என்று கூறி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் சொன்னேன். சைரகுல் அம்மையார் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும் எஜே.”

“வாயத் தொறந்து ஒரு வார்த்த. மூடுங்க எஜேன்னு.” அவர் குரல் உயரவில்லை. “மரியாதையாம்.”

பின்னர் ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். நான் பெயர்களைப் படித்தேன். அவர் இடங்களைச் சொன்னார். சிலருக்கு உடனே சொன்னார். சிலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு, ஓடையின் பெயரைப் பிடித்து, கூடாரத்தின் பெயரை விட்டார். ஒரு பெயருக்கு அவர் வெகுநேரம் யோசித்து, “கறுப்பு நாய் இருக்குன்னான். அவ்வளவுதான் ஞாபகம்,” என்றார். மாலைக்குள் பதினொரு பேரின் இடம் உறுதியாயிற்று.

தாலாய்பெக் தாளை வாங்கிப் பார்த்தார். “பதினொண்ணுக்கு ஜீப் எதுக்கு எஜே, கழுதை போதும்.” யாரும் சிரிக்கவில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாப் பொட்டலத்தையும் ஏத்துறேன். வழியில கேட்டுக் கேட்டுப் போறேன்,” என்றார்.

நான் இடத்தை விட்டுப் போகவில்லை. கணவாயில் நின்றிருந்த கடைக்காரருக்கும் பாலேட்டு வியாபாரிகளுக்கும் தொலைபேசியில் பேசினேன். முன்னரே இறங்கியவர் ஒருவர் இரண்டு பேரைப் பற்றிக் கூறினார். அவர் கூறிய இடத்திலிருந்து அவர்கள் ஏற்கெனவே மந்தையுடன் வேறு பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்திருந்தனர்.

தாலாய்பெக் ஜூலை பதினான்காம் தேதி திரும்பி வந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் வெந்திருந்தன. பதினான்கு பேரைக் கண்டிருந்தார். எஞ்சிய இருபத்து நான்கு பொட்டலங்களை மேசையில் அடுக்கினார். ஒருவருடைய பொட்டலத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்து, “இவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போயிருக்கேன்,” என்று சொல்லி, பிறகு வைத்தார்.

“செப்டம்பர்ல வருவாங்க,” என்றேன்.

“வரவங்க வருவாங்க,” என்றார் சைரகுல் அம்மையார். “ரெண்டு மாசம் மருந்து விட்டா, முன்ன தின்னதெல்லாம் வீண். மறுபடி முதல் நாள்லருந்து. அந்த மருந்துக்காவது நோய் கட்டுப்படணும்.”

அலமாரியிலிருந்து இருபத்து நான்கு நோயாளர் அட்டைகளை எடுத்து என் முன் வைத்தார். ஒரு பேனாவையும் வைத்தார்.

“எனக்குக் கை வரல. நீ எழுது.”

மருந்து நின்ற நாள் என்ற கட்டத்தில் நான் ஜூலை பதினைந்து என்று எழுதினேன். அது நாளைய தேதி. இருபத்து நான்கு அட்டைகளிலும் ஒரே கையெழுத்தில் எழுதி முடிக்க எனக்கு ஒரு மணி நேரமாயிற்று. இடையில் ஒரு பெயரை எழுத்துக் கூட்டத் தெரியாமல் அவரைக் கேட்டேன். அவர் சொன்னார்.