டிங் என்று சொல்லும் புட்டர்

பெண் கேட்டு வந்தவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். ஜாதகம் இருக்கிறதா என்று கேட்கலாம். முனிசாமி கேட்டதோ வேறு.

"இன்சர்ட்டா, மில்லிங்கா?"

காப்பித் தம்ளரை உதட்டருகே பிடித்தபடி உதய் அப்படியே உறைந்துபோனான். முனிசாமியின் முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்ற அவர் மகள் ஸ்வப்னா, ஒற்றை விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். மில்லிங் மெஷினில் கட்டர் சுற்றுகிறதாம்.

"மில்லிங்தான் சார்! இதுல இன்னா சந்தேகம்?"

முனிசாமியின் முகம் மலர்ந்தது. "உக்காருப்பா, ஏன் நின்னுக்கினே இருக்கே?" என்றார்.

உதய் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான். ஆனாலும் ஒருமுறை எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

முனிசாமி தங்கவயல் ஃபேக்டரியில் மில்லிங் பிரிவு சார்ஜ்மேன். வாரம் முழுக்க இரும்பு, ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மைதானத்தில் அவர் ஆடாத ஞாயிறு கிடையாது. பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் புட்டர் என்று பெயர். தன் புட்டரை அவர் கடையில் வாங்கவில்லை. ராபர்ட்சன்பேட்டை பழைய இரும்புக் கடையில் ஒரே ஸ்டீல் கட்டையாகத் தேடிப்பிடித்து, ஆண்டர்சன்பேட்டையில் சிநேகிதர் ஒருவரின் பட்டறையில் மில்லிங் மெஷினில் ஏற்றி, லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுத்தது. பந்து படும் அதன் முகத்தில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொள்ளலாம்.

இந்த நிம்மதியை சாம்சன் கெடுத்தார். அசெம்ப்ளி பிரிவு ஆள். அவருடைய மச்சான் துபாயிலிருந்து வரும்போது புது மாதிரிப் புட்டர் ஒன்று கொண்டுவந்தான். முகத்தைக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் மெத்தென்று ரப்பர் மாதிரி எதையோ பதித்திருந்தார்கள். இன்சர்ட் என்றார்கள். அதில் அடித்தால் சத்தமே வராது. பல வருஷமாக முனிசாமியின் ஜோடியாக ஆடிவந்த கிளாரன்ஸ், அதை ஒரே ஒருமுறை வாங்கி அடித்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "ஐயோ சாம்சா, இட்லி மேல வெண்ணெ வெச்ச மாதிரி இருக்குதுய்யா" என்றார். மறுவாரமே கட்சி மாறிவிட்டார்.

கிளப்பே இரண்டாகப் பிரிந்தது.

"மில்லிங் முகம் உண்மையைச் சொல்லும்யா!" என்று முனிசாமி கத்துவார். "நடுவுல பட்டா டிங். ஓரத்துல பட்டா டக். உன் ரப்பர் இன்னா பண்ணுது? தப்பா அடிச்சாலும் தலையத் தடவிக் குடுக்குது. அது புட்டரா, தாய்மாமனா?"

"வூட்ல பொஞ்சாதி திட்டுது. ஷாப்புல ஃபோர்மேன் திட்றான்" என்பார் சாம்சன். "ஞாயித்துக்கெழமை ஒரு நாள் வெளாட வந்தா, அங்கயும் ஒரு இரும்புத் துண்டு என்னைத் திட்டணுமா? போய்யா!"

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். வருஷாந்திர ஜோடிப் போட்டியில் யார் தோற்கிறாரோ, அவர் ஒரு வருஷம் முழுக்க எதிராளியின் மாதிரிப் புட்டரைத்தான் பிடிக்க வேண்டும். போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது, ஜோடி இல்லாமல் முனிசாமி கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் உதய் பெண் கேட்டு வந்து நின்றான்.

"எனக்கு ஜோடியா ஆடு. என் புட்டர்ல ஆடு. ஜெயிச்சா கல்யாணத்துக்குத் தேதி குறிக்கலாம்" என்றார் முனிசாமி.

"தோத்தா, சார்?"

"தோத்தா நான் ஒரு வருஷம் ரப்பர் புடிக்கணும். அந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் கல்யாணப் பத்திரிகை குடுக்க முடியுமா?"

உதய் அதே ஃபேக்டரியில் ஹைட்ராலிக் சீல் பிரிவு. நாள் பூராவும் ரப்பர் வளையங்களோடு பழகிய கை. முனிசாமியின் புட்டர் அந்தக் கைக்குப் பிடிபடவேயில்லை. சாயங்காலம் கொல்லையில் பயிற்சி. முனிசாமி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். அவருக்குப் பார்க்க வேண்டியதே இல்லை, கேட்டால் போதும்.

டக்.

"ஓரம்" என்பார்.

டக்.

"இன்னும் ஓரம்."

டக்.

"ஏம்பா, நடுவுல முள்ளு எதனா குத்துதா?"

தெருமுனையில் ஸ்வப்னாவிடம் உதய் புலம்பினான். "அந்தப் புட்டரு டக்குங்கும்போது உங்க நைனா குரல்லயே கேக்குது ஸ்வப்னா. கை தன்னால நடுங்குது."

"அதுக்கு?"

"மெல்லிசா ஒரு ரப்பர் ஷீட் ஒட்டிக்கிறேன். மேல அலுமினியம் பெயின்ட். பாக்கிறதுக்கு ஸ்டீல் மாதிரியே இருக்கும். உண்மையிலயே எனக்கு இன்சர்ட்தான் புடிக்கும். உங்க நைனா கிட்ட சொல்லிடாதே."

"அடப்பாவி! மில்லிங்னு அவ்ளோ அழுத்தமா சொன்னே?"

"உன் வெரலைப் பாத்துச் சொன்னேன்."

ஸ்வப்னா கொஞ்சம் யோசித்தாள். "சத்தம்? டிங் வரலேன்னா நைனா ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஸ்வப்னா தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, கையிலிருந்த காப்பி ஃபிளாஸ்க்கின் ஸ்டீல் மூடியில் தட்டிப் பார்த்தாள்.

டிங்!

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்து வெளுத்த சயனைடு மேடுகளுக்குக் கீழே மைதானம் வறண்டு கிடந்தது. தங்கவயலில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லெல்லாம் கிடையாது. மணலில் கழிவு எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பியிருப்பார்கள். பிரவுன் என்று அதற்குப் பெயர். அடிப்பதற்கு முன்னால் ஒரு இரும்புக் குழாயை இழுத்து மணலில் பாதை போட்டுக்கொள்ள வேண்டும். ஜோடிப் போட்டிக்கு கிளப்பில் தனிச் சட்டம்: ஒருவர் பிரவுன் வரைக்கும் பந்தைக் கொண்டுவர வேண்டும், மற்றவர் அங்கிருந்து குழிக்குள் தள்ள வேண்டும். முனிசாமி கொண்டுவந்தார்; உதய் தள்ளினான். எதிர்ப்பக்கம் சாம்சன் கொண்டுவர, கிளாரன்ஸ் துபாய்ப் புட்டரால் தள்ளினார்.

நைனாவுக்குக் காப்பி கொண்டுவந்த சாக்கில் ஸ்வப்னா ஃபிளாஸ்க்கோடு பின்னாலேயே நடந்தாள்.

முதல் குழி. உதய் அடித்தான். ரப்பர் ஒரு சத்தமும் போடவில்லை. பின்னால் டிங்! பந்து ஓடிப்போய்க் குழியில் விழுந்தது.

"கேட்டியா சாம்சன்?" முனிசாமி குதித்தார். "கோயில் மணி மாதிரி இல்ல?"

இரண்டாவது குழியிலும் டிங். மூன்றாவதில் உதய் தெளிவாக ஓரத்தில்தான் அடித்தான்; அதற்கும் கணீரென்று டிங். முனிசாமி நெற்றியைச் சுருக்கினார்.

"ஓரத்துல பட்ட மாதிரி இருந்துச்சே?"

"வெயில்ல இரும்பு விரிஞ்சிருக்கும், சார்."

முனிசாமி விரலை மடக்கி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அவ்ளோ விரியாதேப்பா..." என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த குழிக்கு நடந்தார்.

பாதி ஆட்டத்தில் ஒரு விபரீதம். கிளாரன்ஸ் குனிந்து துபாய்ப் புட்டரை வீசினார். ஸ்வப்னாவின் கவனம் எங்கேயோ இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்துவிட்டது.

டிங்!

கிளாரன்ஸ் புட்டரைத் திருப்பிப் பார்த்தார். சாம்சன் அதைப் பிடுங்கி, ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"மோதிரம் பட்டிருக்கும்" என்றார் கிளாரன்ஸ் பலவீனமாக.

"நீ மோதிரமே போடலியேய்யா!"

"பாத்தியா?" முனிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் ரப்பருக்கே புத்தி வந்துடுச்சி!"

ஸ்வப்னா ஒரு புதர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு ஜோடியும் சமம். கிளாரன்ஸ் தள்ளிய பந்து குழியோரம் வரை வந்து, மனசு மாறி விலகிப்போனது. இனி உதய் ஒரே அடியில் உள்ளே தள்ளினால் போட்டி முடிந்தது. ஏழெட்டு அடி தூரம்தான். தள்ளிவிட்டால் ஸ்வப்னா. அவனுக்குக் கை நடுங்கவே இல்லை.

புட்டரைப் பந்துக்குப் பின்னால் வைத்தான். அப்போதுதான் பார்த்தான். காலையிலிருந்து பிரவுன் எண்ணெயில் தேய்ந்து தேய்ந்து பசை இளகிவிட்டது. ரப்பரின் கீழ் மூலை ஒரு வெற்றிலை மாதிரி சுருண்டு மேலே எழும்பியிருந்தது. ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தி, கட்டை விரலால் அதை அழுத்தக் குனிந்தான்.

பின்னாலிருந்து கணீரென்று: டிங்!

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னாய்யா முனிசாமி?" என்றார் சாம்சன். "பந்தைத் தொடறதுக்கு முன்னாடியே உன் புட்டரு மணி அடிக்குது?"

முனிசாமி மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார். அவள் கையில் சாவி. இன்னொரு கையில் மூடி. பிறகு உதய்யின் கட்டை விரலைப் பார்த்தார். அதற்கடியில் மூலை மடங்கிய, வெள்ளிப் பெயின்ட் பூசிய ரப்பரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உதய் ரப்பரை இன்னும் இறுக்கி அழுத்தினான்.

"பொண்ணு காப்பி ஊத்துது, மூடி தட்டிக்கிச்சி!" என்று சாம்சனுக்குக் கேட்க உரக்கச் சொன்னார். பாதையைப் பார்ப்பதுபோல் உதய்யின் பக்கத்தில் வந்து குந்தினார். ஸ்வப்னாவும் காப்பி கொடுப்பதுபோல் வந்து குந்தினாள்.

"காலைலேர்ந்தேவா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆமா சார்."

"என் புட்டர் மேலயா?"

"ஆமா சார். சுரண்டினா வந்துடும் சார்."

"ஸ்வப்னா, நீயுமா?"

"நைனா, டக்னு கேட்டா நீ கண்ணை மூடிக்கினே ஒரு மூஞ்சி வெக்கிறியே, அதைப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. அவன் இன்னா பண்ணுவான்?"

முனிசாமி சாம்சனை ஓரக்கண்ணால் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ரப்பர் ஜெயித்தது என்று ஆகிவிடும். சொல்லாமல் தோற்றால் ஒரு வருஷம் ரப்பர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்!

"அடிடா" என்றார். "ஜெயிச்சிக் குடு. அப்புறம் எங்க வூட்டுப் பக்கமே வராதே."

"ஜெயிச்சாகூடவா சார்?"

"பொய்யனுக்குப் பொண்ணு கெடையாது." அவர் மகளிடம் கை நீட்டினார். "மூடியக் குடு. சாவியும் குடு."

"எதுக்கு நைனா?"

"நீ எப்பவும் அரை நொடி லேட்டு. காலைலேர்ந்து காதுல ஏதோ இடிச்சிக்கினே இருந்துச்சி."

"அப்ப நீ பண்றது மட்டும் பொய் இல்லியா?"

முனிசாமி சட்டென்று எழுந்து, "நான் காப்பி குடிச்சிக்கினே பாக்கறேன், நீ ஆடுப்பா" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மூடியை மார்போடு அணைத்துப் பின்னால் போய் நின்றார்.

உதய் தலையைத் திருப்பினான். சார்ஜ்மேன் முனிசாமி, ஸ்கூல் மணி அடிக்கும் பியூன் மாதிரி, ஓங்கிய சாவியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் போயே போய்விட்டது. ஆனாலும் உதய்க்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது. சிரித்தபடியே அடித்தான்.

டிங்!

அப்படியொரு கச்சிதமான டிங்கை அன்று யாரும் கேட்டிருக்கவில்லை. முடி இழை அளவு முந்தவில்லை, பிந்தவில்லை. பந்து மணல் பாதையில் ஓடியது, குழி விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது, உள்ளே விழுந்தது.

"ஹோய்!" முனிசாமி மூடியைத் தூக்கி வானத்தில் எறிந்தார். கிளாரன்ஸ் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, சாம்சன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாம்சன் நல்ல மனிதர். தோற்றதும் நேராக உதய்யிடம் வந்து கை நீட்டினார். "பந்தயம்னா பந்தயம். ஒரு வருஷம் நான் மில்லிங் புடிக்கணும். குடுப்பா, அப்படி இன்னாதான் இருக்குது இந்த மூஞ்சியிலன்னு பாக்கறேன்."

அவர் விரல்கள் புட்டரின் தலையைத் தொட இன்னும் ஒரு சாண்தான்.

"தொடாதே!" என்று அலறினார் முனிசாமி.

"ஏன்யா?"

"அது... அது வந்து..." முனிசாமியின் கண்கள் மைதானம் முழுக்க ஓடி, மகள் மேல் போய் நின்றன. "அது சீரு!"

"இன்னா சீரு?"

"மாப்பிள்ளை சீரு! இன்னிக்குத்தான் குடுத்தேன். சீர் குடுத்த பொருளை வேற ஆளு தொடலாமா? உனக்கு நானே புதுசா ஒண்ணு கடைஞ்சி தரேன்."

"மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ளை?"

"கண்ணு அவிஞ்சி பூடுச்சா? இதோ நிக்கறாரே!"

நிக்கறாரே. அந்த ஒரு 'ரே'யில் உதய் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அவன் புட்டரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான், ரப்பர் பக்கம் உள்ளே இருக்கும்படி. ஸ்வப்னா காலி ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அடேயப்பா, சொல்லவே இல்லியே!" கிளாரன்ஸ் ஓடிவந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார். "கல்யாணம் எப்போ?"

உதய்யின் சட்டைக்கும் புட்டருக்கும் நடுவிலிருந்து வெள்ளிப் பெயின்ட் பூசிய ரப்பர் மூலை ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. முனிசாமி பாய்ந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"சீக்கிரம்" என்றார், மாப்பிள்ளையை முதுகில் கை வைத்து ஸ்கூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டே. "ரொம்பச் சீக்கிரம்! மாப்ளே, வண்டிய எடுங்க!"