எட்டுக் குடம் நல்ல தண்ணீர்

எஞ்சின் கொட்டகை வாசலில் அன்று காலை இருந்தவர்கள்: எங்கள் உப்பளக் குழுவின் தலைவர் பஞ்சநாதன். பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வந்த சோலார் திட்ட இன்ஜினியர் பிரபாகரன். பழைய டீசல் எஞ்சினை இருபது வருடம் ஓட்டிய தெய்வசிகாமணி. பாத்தியில் உப்பு வாரும் அஞ்சம்மாள், அவளோடு வேலை செய்யும் ஏழு பெண்கள். கடைசியாக நான், தமிழரசன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பம்புக்கு இரவுக் காவல் இருப்பதும், விடிந்ததும் சோலார் பேனல்களைக் கழுவிவிட்டுப் போவதும் என் வேலை. அன்று கழுவி முடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றேன்.

2005 ஆகஸ்டு கடைசி. பம்பு நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் உப்புநீர் ஏறாவிட்டால் நாற்பது பாத்தியும் காய்ந்து, உப்பு தரையோடு இறுகிக் கசந்துவிடும். பிறகு மழை வந்துவிடும். அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி வாரல்.

டீசல் எஞ்சின் கொட்டகைக்குள்ளேயே இருந்தது. ஆனால் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். உலகத்தின் புகையைக் குறைக்க வெளிநாட்டுக்காரர்கள் தந்த பம்பு எங்களுடையது; எஞ்சினைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. தொட்டால் பேனல்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்து ஐந்து குழுக்களுக்கு வரவேண்டிய பம்புகளும் வராது.

பிரபாகரன் மூன்று நாள் முன்பே வந்து பார்த்திருந்தார். பேனல் தாங்கியின் நிழலில் நின்று, பம்பை இயக்கும் பெட்டியைத் திறந்து, லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது என்றார். பெட்டி ஜெர்மனிக் கம்பெனியுடையது. போர்டு சீனாவில் செய்தது. பாஸ்வேர்டு கம்பெனியிடம் இருப்பதால் அவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. புது போர்டு எப்போது வரும் என்று கேட்டு மெயில் போட்டிருந்தார். பதில் வந்திருந்தது. இரண்டு மாதம்.

ஏன் இரண்டு மாதம் என்று பஞ்சநாதன் கேட்டார். ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் வியாபாரச் சண்டை, சீனத் துணியெல்லாம் அங்கே துறைமுகத்தில் தேங்கிக் கிடக்கிறது, அந்த நெரிசலில் மற்ற சரக்கும் தாமதம் என்று கம்பெனி எழுதியிருப்பதாக பிரபாகரன் சொன்னார்.

“அவங்க பாவாடைக்கு சண்டை போட்டா எங்க பாத்தி காயணுமா சார்?” என்றார் பஞ்சநாதன்.

பெண்கள் சிரித்தார்கள். பிரபாகரனும் சிரித்துவிட்டார்.

தெய்வசிகாமணிக்கு அன்று நல்ல நாள். எஞ்சினைப் பூட்டியதிலிருந்து அவர் உப்பு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதில் அது சுலபமில்லை. அமெரிக்காக்காரன் புகை ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கவே இல்லையாம், அவன் காரெல்லாம் ஓடுது, என் எஞ்சின் மட்டும் ஜெயில்ல இருக்கணுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திட்டத்திலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் தயாராக இருந்தது. பஞ்சநாதன் கையெழுத்துப் போட்டால் எஞ்சினை ஓட்டலாம். எப்படியும் கையெழுத்தாகிவிடும் என்று பிரபாகரன் கொட்டகையின் சீலை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டார். தெய்வசிகாமணி உள்ளே போய் எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார்.

பஞ்சநாதன் பேனாவைத் திறந்தபோது அஞ்சம்மாள் குறுக்கே பேசினாள்.

“ஏன் சார், அந்தப் பொட்டி எதைத் தின்னுது?”

வெயிலை என்றார் பிரபாகரன்.

“வெயில் சரியாப் போகுதான்னு பார்த்தீங்களா? நிக்கிறதுக்கு முந்தி ஒரு மாசமாவே பம்பு பத்து மணிக்கு மேலதான் எழுந்திருச்சுது. அதுக்கு முன்னாடி ஏழு மணிக்கே ஓடும்.”

அவர் பார்க்கவில்லை. பேனல் பத்தடி உயரத்தில் இருந்தது. அஞ்சம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கண்ணாடியை நகத்தால் சுரண்டினாள். விரலை வாயில் வைத்தாள்.

“உப்பு,” என்றாள். கீழே என்னைப் பார்த்தாள். “எந்தத் தண்ணியிலடா கழுவுற?”

பம்புக்கு உப்புநீர் வரும் வாய்க்கால் தண்ணீரில்தான் கழுவினேன். ஏப்ரலிலிருந்து தினமும். நல்ல தண்ணீர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊர்க் குழாயில் வருகிறது. குடிப்பதற்கே பெண்கள் குடத்தில் சுமந்து வருகிறார்கள். காலடியில் ஓடுகிற தண்ணீரை விட்டுவிட்டு அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வெள்ளையாவதைத் தினமும் பார்த்தேன். உப்பளத்தில் பிறந்தவனுக்கு வெள்ளை அழுக்காகத் தெரியாது. கை, கால், சைக்கிள் எல்லாமே எங்களுக்கு வெள்ளைதான்.

“நான்தான்,” என்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

“ரெண்டு வருஷம் கரண்டு படிச்சவன் கண்ணாடிக்கு ஊறுகா போட்டிருக்கான்,” என்றார் பஞ்சநாதன். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அன்றைக்குக் குடிக்க வைத்திருந்தது எட்டுக் குடம். அஞ்சம்மாள் மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் குடங்களை ஏணியடிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் மேலே ஏறினேன். பிரபாகரன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குடங்களை எடுத்துக் கொடுத்தார். முதல் இரண்டு குடத்தில் உப்பு ஊறியது. அடுத்த நான்கில் கரைந்தது. ஏழாவது ஊற்றியபோது கண்ணாடி கருநீலமாகத் தெரிந்தது. அது அந்த நிறம் என்பதையே மறந்திருந்தேன்.

எட்டாவது குடத்தைப் பாதி ஊற்றியபோது பம்பு உறுமியது. குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு உப்புநீர். பெண்கள் மதகைத் திறக்க ஓடினார்கள். மீதியிருந்த அரைக் குடத்தை எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். அடுத்த நடை குடம் வர மத்தியானம் ஆனது. தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.

பிரபாகரன் கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தார். போர்டு வேண்டாம்னு மட்டும் எழுதுங்க சார் என்றாள் அஞ்சம்மாள். என்னைப் பற்றிப் பஞ்சநாதன் ஒரே ஒரு முடிவு சொன்னார்: நாளையிலிருந்து பேனல் கழுவ ஒரு குடம், அதை ஊர்க் குழாயிலிருந்து நானே சுமக்க வேண்டும். சரி என்றேன். வேலை இருந்தது. சந்தோஷமாகவே இருந்தேன்.

தெய்வசிகாமணி இன்னும் கொட்டகைக்குள் இருந்தார். பம்புச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். பிரபாகரன் வாசலில் பூட்டோடு நின்றார். தெய்வசிகாமணி எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“போர்டு நிஜமாவே ஒருநாள் போகும் சார்,” என்றார். “அதுவரைக்கும் துருப்பிடிக்காது. கிரீஸ் போட்டிருக்கேன்.”

மூட்டை தூக்கும் சும்மாட்டுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பாத்திப் பக்கம் இறங்கினார். அவருக்குப் பின்னால் பிரபாகரன் கதவைச் சாத்திப் பூட்டினார்.